பத்து விரலுக்குப் போட்ட கணக்கு

ஃபோனில் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறி ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கும் பல்லிக்கும் அதில் ஒரே ஸ்பெல்லிங். ஒருநாள் அவசரத்தில் அக்காவுக்கு “பாப்பா பல்லிக்குப் போயாச்சா?” என்று போய்விட்டது. “பல்லி சுவத்துல இருக்கு, பாப்பா ஸ்கூல்ல இருக்கா” என்று பதில் வந்தது. அன்றைக்கே மாறினேன்.

முதல் பத்து நாள் கொடுமை. பிறகு விரல் பழகிவிட்டது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி வந்த தளக்கோலம் இது, அதாவது எந்த எழுத்து எந்த விசையில் என்ற அமைப்பு. மேசைக் கணினிக்காக, பத்து விரலுக்காகப் போட்டது. உயிரெழுத்துகள் இடது பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது பக்கம். தொடுதிரை அப்போது யார் கணக்கிலும் இல்லை. ஆனால் இரண்டு கட்டைவிரலுக்கு இது அப்படிப் பொருந்துகிறது! ‘போனேன்’ அடித்துப் பாருங்கள்: ப, ஓ, ன, ஏ, ன, புள்ளி. வலது, இடது, வலது, இடது என்று உரலில் மாற்றுலக்கை போடுகிற மாதிரி விழும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி வந்துவிடும். ந-வுக்குப் பின் த அடித்தாலும் அப்படித்தான். ‘அக்கா’வுக்கு நாலே தட்டு. பப்பாளிதான் தகராறு. முதல் ப-வுக்குப் பிறகு ஒரு அ தட்டாவிட்டால் ‘ப்ப’ என்றுதான் தொடங்கும்.

குறை எங்கே என்றால் அகலத்தில். மேல்வரிசையில் 12 விசை. என் ஃபோன் திரையை ஸ்கேல் வைத்து அளந்தேன், 67 மி.மீ. ஆங்கிலத்தின் 10 விசைக்கு ஆளுக்கு 6.7 மி.மீ. கிடைக்கிறது, தமிழுக்கு 5.6 கூட இல்லை. தொடும் இடம் சுமார் 9 மி.மீ. இருக்கட்டும் என்பது ஆண்ட்ராய்டு வடிவமைப்பு நெறி. ஆங்கிலத்திலும் அது இல்லைதான். ஆனால் விரல் தவறினால் ஃபோனில் இருக்கும் அகராதி சொல்லைத் திருத்தித் தூக்கி நிறுத்திவிடும். தமிழில் ‘வந்துகொண்டிருந்தவர்களிடம்தான்’ என்று நாம் ஒட்டிக்கொண்டே போவதை எந்த அகராதியில் தேடுவது? ச, ஞ இரண்டும் வலது ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. உறையின் விளிம்பு வேறு இடிக்கும். மேலதிகாரிக்கு நான் அனுப்பிய ‘ஞரி சார்’களைச் சேர்த்தால் ஒரு தொகுப்பே போடலாம்.

பேக்ஸ்பேஸ் இன்னொரு தலைவலி. ‘கொ’வில் ஒரு தட்டுக்குக் கொம்பும் காலும் மட்டும் போய் க நிற்க வேண்டும் என்பது என் கட்சி, எழுதுகிறவனுக்குத் தவறுவது பெரும்பாலும் உயிர்தான். நடுவில் இரண்டு வருடம் வைத்திருந்த ஒரு செயலி, எழுத்தையே மொத்தமாக விழுங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டேன்.

என்னைக் கேட்டால் ஞ-வை ந-வுக்கு அடியில் ஒளித்து, அழுத்திப் பிடித்தால் வரும்படி வைக்கலாம். கீழ்வரிசையில் ஔ-வுக்கு எதற்குத் தனி விசை? ஔவையாரை விட்டால் யார் தேடப்போகிறார்கள்? இதை வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது கௌரி சித்தி கேட்டார், “அப்ப என் பேரை எப்படிடா அடிப்ப?”