மூன்றாம் ஆண்டிலும் அந்த ஆள் இருப்பாரா? ஓராண்டு நிதியும் பல்லாண்டு நிதியும்

தனித்துப்போனவர்களையும் ஊருக்குப் புதிதாக வந்தவர்களையும் அக்கம்பக்கத்தோடு சேர்த்துவைக்கும் தொண்டு அமைப்புக்கு இருக்கும் பெரிய சொத்து ஒருங்கிணைப்பாளர்தான். கூட்டத்துக்கு வராதவர் வீட்டுக் கதவைத் தட்டி, என்ன ஆயிற்று என்று கேட்பவர் அவர். மூன்றாம் ஆண்டிலும் அவர் அங்கே இருப்பாரா? அறக்கட்டளைகள் தரும் எந்த நிதியையும் நான் இந்தக் கேள்வியை வைத்தே எடைபோடுவேன்.

ஓராண்டுத் திட்ட நிதி இதில் தேறாது. முதல் சில மாதங்கள் ஆள் தேடுவதில் போகும், கடைசி மாதங்கள் அடுத்த விண்ணப்பம் எழுதுவதில் போகும். ஒரு யோசனையைச் சோதித்துப் பார்க்க அது போதும், அவ்வளவுதான்.

மூன்றாண்டு நிதியாக இருந்தும், ஒவ்வொரு ரூபாயும் இன்ன செலவுக்கென்று கட்டப்பட்டிருந்தால் பாதி நன்மைதான். சம்பளம் உறுதி; வாடகைக்கும் கணக்காளருக்கும் வேறெங்கோ கையேந்த வேண்டும்.

நிபந்தனை குறைந்த பல்லாண்டு நிதியையே நான் முதலில் வைப்பேன். அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை 2016-இல் தொடங்கிய 'பில்ட்' திட்டம் ஐந்தாண்டு நிதியோடு, அமைப்பின் உள்கட்டுமானத்தை வலுப்படுத்தவும் பணம் தந்தது. இங்கிலாந்தின் 'பிக் லோக்கல்' திட்டம் இன்னும் துணிச்சலானது. லாட்டரி நிதியிலிருந்து 150 பகுதிகளுக்குத் தலா குறைந்தது 10 லட்சம் பவுண்டு. பத்தாண்டுக்கும் மேலான அவகாசம். எதற்குச் செலவிடுவதென்று குடியிருப்பவர்களே முடிவெடுத்தார்கள். முன்பின் பழகாதவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து, வாக்குவாதம் செய்து, ஒருவரையொருவர் நம்பத் தொடங்கவே நாளாகும். ஓராண்டு நிதியாக இருந்தால் வாக்குவாதத்தோடு கதை முடிந்திருக்கும்.

அமெரிக்கக் கொடையாளர் மெக்கென்சி ஸ்காட் 2020 முதல் வழங்கிவரும் பெருந்தொகைகள் வேறு வழி: ஒரே தவணை, நிபந்தனை இல்லை. சுதந்திரம் முழுமையானது. ஆனால் அதை ஆண்டுகளுக்குப் பிரித்துவைக்கும் கட்டுப்பாடு, பணம் பெறும் அமைப்பின் நிர்வாகக் குழுவிடம் இருக்க வேண்டும்.

பல்லாண்டு நிதியிலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. அமெரிக்கக் கணக்கியல் விதிப்படி, நிபந்தனையற்ற பல்லாண்டு வாக்குறுதி முதல் ஆண்டிலேயே வருமானமாகப் பதிவாகும். அடுத்த ஆண்டுகளில் செலவு மட்டும் பதிவாகி, ஏட்டளவில் நட்டம் தெரியும். குழுவுக்கு இதை முன்கூட்டியே விளக்காவிட்டால் வீண் பீதி. இரண்டாவது, ஒரே கொடையாளரை நம்பிப் பழகிவிடுவது. அவர் விலகினால் அடி பலமாக விழும். தொகையைப் படிப்படியாகக் குறைத்து, விலகும் நாளை ஓராண்டு முன்பே சொல்லும் அறக்கட்டளை அந்த அடியின் வேகத்தைத் தணிக்கிறது.

ஓராண்டுக்கு மேல் தர இயலாத அறக்கட்டளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நிதியைப் புதுப்பிப்பீர்களா இல்லையா என்பதை, ஒருங்கிணைப்பாளர் வேறு வேலை தேடத் தொடங்குமுன் சொல்லிவிடுங்கள்.