'90 கிரெடிட் அப்படியே ஏறிடும்' என்று சொல்லும் கன்சல்டன்சிகள்: ஓர் எச்சரிக்கை

பாதியில் நின்ற படிப்பை அமெரிக்கக் கல்லூரியில் முடிக்க நினைப்பவர்களுக்கு இது. கிரெடிட் என்பது ஒரு பாடத்தை முடித்தால் பட்டத்துக்காகக் கிடைக்கும் புள்ளி. "இந்தியாவில் படித்ததையும் ஆன்லைன் கோர்ஸ்களையும் சேர்த்து 90 கிரெடிட் ஏற்றித் தருகிறோம், கல்லூரியில் 30 மட்டும் படித்தால் போதும், ஒரே வருடத்தில் டிகிரி" என்று வாட்ஸ்அப்பில் யாராவது வந்தால் பணம் கட்டிவிடாதீர்கள். நான் கட்டினேன். எனக்கு இன்னும் 76 கிரெடிட் பாக்கி.

இதில் கொடுமை என்னவென்றால், அவர்கள் சொல்லும் எண் முழுப் பொய் இல்லை. இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட். அதில் குறைந்தது 30 எங்களிடமே படித்திருக்க வேண்டும் என்பது பல கல்லூரிகளின் விதி. ஆக, வெளியிலிருந்து கொண்டுவரக்கூடியது அதிகபட்சம் 90. இந்த அதிகபட்சத்தைத்தான் 'உங்களுக்குக் கிடைக்கப்போவது' என்று எழுதி விற்கிறார்கள். எனக்கு வந்த பிடிஎஃப்பில் இடது பக்கம் நான் படித்த பாடங்கள், வலது பக்கம் பச்சை நிறத்தில் 'ஏற்கப்படும்' என்று வரிசையாக இருந்தது. கல்லூரியிலிருந்து ஒருவர்கூட அதைப் பார்த்திருக்கவில்லை.

கல்லூரி கடைசியில் 71 கிரெடிட்டை ஏற்றுக்கொண்டது. கன்சல்டன்சிக்குப் போன் செய்தேன். "அண்ணா, 71ங்கறது சூப்பர் நம்பர்ணா, நிறைய பேருக்கு இவ்வளவு வராது" என்றார் அங்கே பேசிய தம்பி. சரி, 49 தானே பாக்கி என்று நினைத்துக்கொண்டு கல்லூரி போர்ட்டலில் டிகிரி ஆடிட்டை (பட்டத்துக்கு எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் பக்கம்) திறந்தால், கதை வேறு. பொதுப் பாடங்களில் 24, கணிதத்தில் 8, விருப்பப் பாடங்களில் 12. மொத்தம் 44 தான் பட்டத்துக்கு உள்ளே போயிருந்தது. மிச்சம் 27 கிரெடிட் பக்கத்தின் அடியில், எந்தக் கட்டத்திலும் பொருந்தாத பாடங்கள் என்று தனியாகக் கிடந்தது. பாட எண் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணே கிடையாது, வெறும் 'எலெக்டிவ்', அதாவது விருப்பப் பாடம். என் ட்ரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) அவை இருக்கும், எண்ணிக்கையிலும் காட்டும், பட்டத்துக்கு மட்டும் உதவாது. என் மேஜரான (முதன்மைப் பாடமான) கம்ப்யூட்டர் சயின்ஸில் விருப்பப் பாடத்துக்கு இடமே 12 கிரெடிட்தான் என்றால், நாற்பது கொண்டுவந்தாலும் உள்ளே போவது 12 தான்.

கன்சல்டன்சிக்கு இது தெரியாமல் இல்லை. ஒப்பந்தத்தை மறுபடி படித்துப் பாருங்கள்: எல்லா இடத்திலும் 'ஏற்கப்படும்' என்றே இருக்கும், 'இந்தப் பாடத்துக்குப் பதிலாகக் கணக்கில் வரும்' என்று ஒரு வரிகூட இருக்காது.

ஆன்லைன் பாடங்களில் நடந்தது இன்னும் மோசம். ஏசிஇ, அதாவது அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன், சில ஆன்லைன் பாடங்களைப் பரிசீலித்து 'இதற்கு இத்தனை கிரெடிட் தரலாம்' என்று பரிந்துரைக்கும். பரிந்துரை மட்டும்தான். தருவதும் மறுப்பதும் கல்லூரியின் இஷ்டம். இவர்கள் 'ஏசிஇ அங்கீகாரம்' என்று சொல்லி என்னைப் பாடம் பாடமாக எடுக்க வைத்தார்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். அதே பாடங்கள் அதே தளத்தில் மாதச் சந்தாவுக்கு நேரடியாகக் கிடைக்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. அவற்றில் பெரும்பாலானவை முதல் இரண்டு ஆண்டுகளுக்கான நிலை. மேஜருக்குக் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கான பாடங்களும் வேண்டும். போதாக்குறைக்கு, இந்தியாவில் ஏற்கெனவே படித்த கால்குலஸையே ஆன்லைனிலும் எடுக்க வைத்தார்கள். ஒரே பாடத்துக்கு இரண்டு முறை கிரெடிட் எந்தக் கல்லூரியும் தராது. சில பாடங்களில் வெறும் முடிப்புச் சான்றிதழ்தான், அதற்கு ஏசிஇ பரிந்துரைகூட இல்லை.

அப்புறம் மதிப்பீட்டு அறிக்கை. வெளிநாட்டு மதிப்பெண்களை அமெரிக்கக் கணக்குக்கு மாற்ற, நேசஸ் கூட்டமைப்பில் உள்ள நிறுவனத்தின் அறிக்கையைப் பெரும்பாலான கல்லூரிகள் கேட்கும். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இந்தப் படிப்பு இத்தனை ஆண்டுக்குச் சமம் என்று மட்டும் சொல்லும். மற்றது பாடவாரியாக கிரெடிட்டும் கிரேடும் போட்டுத் தரும். ட்ரான்ஸ்ஃபருக்கு இரண்டாவதுதான் வேண்டும். என்னிடம் அதற்கான பணத்தை வாங்கிக்கொண்டு மலிவான முதல் வகையை ஆர்டர் செய்திருக்கிறார்கள். 'இரண்டு ஆண்டு இளநிலைப் படிப்புக்குச் சமம்' என்ற அளவில் அறிக்கை முடிந்துவிட்டது. ரெஜிஸ்ட்ரார் அலுவலகம் திருப்பி அனுப்பியது. மறுபடி என் செலவில், பழைய பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக ட்ரான்ஸ்கிரிப்ட் அனுப்ப வைத்து, பாடவாரி அறிக்கை வாங்க ஒரு செமஸ்டரே போய்விட்டது.

இதே இடத்தில் பணம் கட்டிய இன்னொருவர் ஜெர்மனியில் ஒரு வருடம் படித்தவர். ஐரோப்பிய முறையில் ஒரு வருடத்துக்கு 60 இசிடிஎஸ் புள்ளிகள். பொதுவாக இரண்டு புள்ளிக்கு ஓர் அமெரிக்க கிரெடிட் என்றுதான் கணக்கு. இவர்கள் 60 என்பதை 60 என்றே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்!

போலிப் பல்கலைக்கழகம் நடத்தும் கூட்டம் வேறு. கராச்சியின் ஆக்ஸாக்ட் நிறுவனம் இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் பட்டம் விற்றது 2015-ல் வெளியே வந்தது நினைவிருக்கலாம். அந்த ரகத்தை அமெரிக்கக் கல்வித் துறையின் அங்கீகாரப் பட்டியலிலோ உயர்கல்வி அங்கீகாரத்தைக் கவனிக்கும் சியா அமைப்பின் பட்டியலிலோ தேடினாலே தெரிந்துவிடும். என் விஷயத்தில் கல்லூரி அசல், அங்கீகாரமும் அசல். பட்டியலில் தேடினால் எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பணம் கட்டும் முன் கல்லூரியின் ட்ரான்ஸ்ஃபர் அட்வைசருக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்புங்கள். பழைய பாடங்களின் சிலபஸை இணைத்து, 'எந்தப் பாடம் உங்கள் எந்தப் பாடத்துக்குப் பதிலாக வரும்' என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். பல கல்லூரிகள் முன்கூட்டியே அதிகாரபூர்வமற்ற மதிப்பீடு செய்து தருகின்றன. அமெரிக்கக் கல்லூரிப் பாடங்கள் கையில் இருந்தால் ட்ரான்ஸ்ஃபராலஜி தளத்திலும், கலிஃபோர்னியாவின் அரசுக் கல்லூரிகள் என்றால் அசிஸ்ட் தளத்திலும் எந்தப் பாடம் எதற்குப் பதிலாக வரும் என்று இலவசமாகவே பார்க்கலாம். பழைய கிரேடு 'சி'க்குக் கீழே என்றால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். எனக்கு அதிலும் இரண்டு பாடம் போயிற்று, பிடிஎஃப்பில் அவையும் பச்சைதான்.

கேள்வி கேட்க ஆரம்பித்ததும் தம்பி சொன்ன யோசனையைக் கேளுங்கள்: "மேஜரை ஜெனரல் ஸ்டடீஸ்னு மாத்திடலாம்ணா, அங்க எல்லாமே உள்ள போயிடும்." அதற்குத் தனியாக ஒரு கட்டணம் வேறு. வேலைக்காக கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிக்க வந்தவனிடம் இந்தப் பேச்சு. அதன் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

பணத்தில் பாதியை ஜெல் (வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் அமெரிக்க சேவை) வழியாகத்தான் அனுப்பச் சொன்னார்கள். நாமே அனுப்பிய தொகை என்பதால் வங்கி கையை விரித்துவிட்டது. மீதி கிரெடிட் கார்டில் போனது. அதற்கு ஸ்டேட்மென்ட் வந்த 60 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்திருக்கிறேன். அந்த பிடிஎஃப்பும் டிகிரி ஆடிட் ஸ்கிரீன்ஷாட்டும்தான் ஆதாரம். எஃப்டிசியிலும் (நுகர்வோர் மோசடிப் புகார்களை வாங்கும் அமெரிக்க அரசு ஆணையம்) மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் பதிவாகிவிட்டது. அது முடியும் வரை கன்சல்டன்சியின் பெயரைக் கேட்டு மெசேஜ் அனுப்ப வேண்டாம். வங்கி என்ன சொல்கிறது என்பதை வந்ததும் எழுதுகிறேன்.