விற்பதா, விடுவதா, இடிப்பதா: மலை நகராட்சிச் சொத்துக்கு மூன்று கணக்கு

சித்தப்பாவின் கடை ஷட்டரில் அரக்கு வைத்த துணி நாலு நாள் தொங்கியது. உள்ளே டீத்தூள், வர்க்கி, தைல பாட்டில். டீத்தூளும் தைலமும் தாங்கும், வர்க்கி நமத்துப் போயிருக்குமே என்பதுதான் அவர் புலம்பல். மலையில் ஒரு நகராட்சி மார்க்கெட். ஊர் பெயர் வேண்டாம். பல வருஷம் யாரும் தொடாத வாடகையைப் பல மடங்கு ஏற்றி, அதையும் முன்தேதியிட்டு, நிலுவை என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். பழைய வாடகையைக் கட்டப் போனால் கவுன்ட்டரில் வாங்கவில்லை. கடைசியில் கடைக்கு சீல்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஓயாத பட்டிமன்றம் இதுதான்: கஜானா காலியான நகராட்சி தன் கடைகளை என்ன செய்ய வேண்டும்? விற்றுத் தீர்க்கலாம், வாடகைக்கே விடலாம், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம்.

விற்கலாம் என்பவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வசூல் தலைவலி கிடையாது, கோர்ட் படி ஏற வேண்டாம், ஒரே தடவையில் பணம். கடன் அடையும், ரோடு போடலாம். ஒரு உத்தேசக் கணக்கு போட்டுப் பார்த்தேன். கடை 40 லட்சத்துக்குப் போகிறது என்று வையுங்கள். ஏழு சதவீத வட்டியில் டெபாசிட் போட்டால் மாதம் 23,300 ரூபாய் சொச்சம். அதே கடைக்கு வாடகை 15,000. மேலோட்டமாகப் பார்த்தால் விற்பதுதான் லாபம். ஆனால் நகராட்சிக் கடைகளுக்கு நெடுநாளாக இருந்து வந்த நடைமுறை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு. அப்படி ஒழுங்காக ஏற்றி வந்தால் பன்னிரண்டாம் வருஷ முடிவில் வாடகை 26,200 ஆகிவிடும். வட்டி அதே 23,300-ல் நிற்கும். அதுவும் டெபாசிட்டில் யாரும் கை வைக்காமல் இருந்தால்தான். மின்கட்டண பாக்கியும் சம்பளமும் கழுத்தை நெரிக்கும் ஆபீஸில் 40 லட்சம் எத்தனை மாசம் உறங்கும்?

வாங்குவது யார் என்பது அடுத்த கேள்வி. நகராட்சி சொத்தை அரசு அனுமதி இல்லாமல் விற்க முடியாது, ஏலமும் பகிரங்கமாகத்தான் நடக்க வேண்டும், சரி. ஏலத்தில் கடைசிக் கை சித்தப்பாவுடையதாக இருக்குமா? 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனம் என்று உயர் நீதிமன்றம் வரம்பு போட்டது. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலைக்கு அது தேவையான கட்டுப்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வியாபாரத்தை நம்பி டீத்தூள்காரர் எந்த பாங்கில் 40 லட்சம் கடன் கேட்பார்? கீழே கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ பணம் வைத்திருப்பவர்தான் எடுப்பார். சரிவும் காடும் தேயிலையும் போக, டவுனுக்குள் சமமான இடமே கொஞ்சம்தான். அதை ஒருதரம் விட்டால் நகராட்சி திரும்ப எங்கே போய் வாங்கும்?

ஆக, என் ஓட்டு வாடகைக்குத்தான். ஆனால் அந்தப் பக்கத்து அழுக்கும் கொஞ்சமல்ல. ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்தைப் பாருங்கள்: 52.34 ஏக்கர் அரசு நிலம், குத்தகை 1978-லேயே முடிந்துவிட்டது, பந்தயம் மட்டும் தொடர்ந்தது. பாக்கி 822 கோடி என்று அரசுத் தரப்பு கணக்குச் சொன்னது. 2024 ஜூனில்தான் வருவாய்த் துறை உள்ளே போய் போர்டு வைத்தது. வருஷா வருஷம் கேட்டு வாங்கியிருந்தால் அந்தத் தொகை இப்படி மலையாக வளர்ந்திருக்குமா?

ஊட்டி நகராட்சி மார்க்கெட்டிலும் அதே கதை, சின்ன ஆட்களை வைத்து. 2021 ஆகஸ்டில் வாடகை நிலுவைக்காக நூற்றுக்கணக்கான கடைகளுக்கு சீல் விழுந்தது. அந்த மாசத்தைக் கவனியுங்கள்: கொரோனா இரண்டாவது அலை ஊரடங்கிலிருந்து கடைக்காரர் அப்போதுதான் தலை தூக்குகிறார். இன்னொன்றும் உண்டு. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தமிழ்நாட்டு நகராட்சிகளில் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் ஆட்சி. வாடகை பற்றி வாதாட வார்டு உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத காலம் அது.

கடைக்காரர்கள் எல்லாம் அப்பாவிகள் என்று சொல்ல வரவில்லை. உள்வாடகை எந்த மார்க்கெட்டிலும் ஊரறிந்த ரகசியம். நகராட்சிக்கு ஆயிரங்களில் கட்டிவிட்டு அடுத்தவரிடம் அதைப்போல் பல மடங்கு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். சித்தப்பாவின் பக்கத்துக் கடை அப்படித்தான். உரிமைக்காரரை நான் பார்த்ததே இல்லை. வாடகையை ஏற்றும்போது இவர்களைப் பிரித்தெடுக்காததால், அடி முழுக்க நேரில் உட்கார்ந்து வியாபாரம் செய்பவர் மேல் விழுகிறது.

சும்மா போட்டு வைப்பதும் ஒரு வழிதான், அதை யாரும் தீர்மானமாக நிறைவேற்றுவதில்லை என்றாலும். 1960-ல் தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடிய பிறகு அந்த வளாகத்துக்கு வந்த யோசனைகளை எண்ணினால் விரல் போதாது. அது மத்திய அரசு நிறுவனம், நகராட்சிக்கு அதில் பேச்சில்லை.

இடித்துக் கட்டுவது கேட்க நன்றாக இருக்கிறது. பழைய தகரக் கூரை, ஒழுகும் சுவர், தீப்பிடித்தால் வண்டி நுழைய முடியாத சந்து எல்லாம் போகும். ஆனால் சமவெளிக் கணக்கு இங்கே செல்லாது. கீழே நாலு மாடி எழுப்பி, மேல்மாடி வாடகையில் கட்டுமானச் செலவை எடுத்துவிடலாம். மலையில் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் தனி அனுமதி. இரண்டு தளத்துக்குள் அடங்கும் கட்டடம் போட்ட காசை எடுக்க வருஷக்கணக்கில் ஆகும். அரசு மானியமாகப் பணம் தந்தால் கட்டலாம். கடன் வாங்கிக் கட்டினால் அந்த வட்டியும் வாடகையில்தான் ஏறும். கட்டி முடியும் வரை, மழைக்காலத்தில் தற்காலிகக் கடைக்கு எந்த சுற்றுலாக்காரர் தேடி வருவார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மன்றத்தில் எனக்கு ஒரு நாற்காலி இருந்தால் கேட்பது இவ்வளவுதான்: விற்பனைத் தீர்மானம் வேண்டாம், உள்வாடகைக் கடைகளை முதலில் எடுத்து ஏலம் விடுங்கள், மற்றவர்களுக்கு மூன்றாண்டு உயர்வைத் தவறாமல் ஏற்றுங்கள், முன்தேதி போடாதீர்கள்.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். அவர் ரசீதுகளை டீத்தூள் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார், 1994-லிருந்து. டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார்: "இடிச்சா இடிக்கட்டும்ப்பா. திரும்பக் கட்டினா அதே கடை நம்பர்னு எழுதிக் குடுப்பாங்களா?"