போர்ஷே 944 டர்போ: டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பயனில்லை

பழைய வண்டிகளில் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், தவறினால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, டைமிங் லைட் வெளிச்சத்தில் ஓரிரு டிகிரி திருப்பி வைப்பார்கள். 944 டர்போவில் அந்த வேலையே கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டர், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டின் முனையிலேயே பொருந்தியிருக்கிறது, மேல் மூடியான கேப் அசையாது. தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதை, எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தைக் கவனிக்கும் இரண்டு சென்சார்களை வைத்து டிஎம்இ என்ற எஞ்சின் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டும் சத்தம்) கேட்டால் கேஎல்ஆர் என்ற இன்னொரு பெட்டி தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. பல வருடம் வைத்து ஓட்டும்போது தொல்லை கொடுப்பது பெரும்பாலும் சென்சாரும் ஒயரும்தான்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் எஞ்சின் வேகம் காட்டும் டேக்கோமீட்டரைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஊசி லேசாகத் துள்ள வேண்டும். அசையாமல் கிடந்தால் டிஎம்இக்கு மின்சாரம் தரும் ரிலேயையும் சென்சார்களையும் சந்தேகிக்கலாம். ரிலேயின் உள்ளே சால்டர் விரிசல் விடுவது இந்தக் காரின் பழைய வியாதி. சூடான வண்டி ஸ்டார்ட் ஆக மறுத்து, ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். புது ரிலே ஒன்றை டேஷ்போர்டில் போட்டு வைப்பது நல்லது.

ஃப்ளைவீலை மூடும் உறையான பெல் ஹவுசிங் மேலே ஒரே பிராக்கெட்டில் இருக்கும் சென்சார்களில் ஒன்று ஸ்டார்ட்டர் ரிங் பற்களை எண்ணுகிறது. மற்றொன்று ஃப்ளைவீலில் பதித்த ஒரு திருகைப் பார்த்து பிஸ்டன் நிலையை அறிகிறது. இரண்டும் ஒரே மாதிரியான பாகம், கனெக்டரும் ஒரே மாதிரிதான். மாற்றிச் செருகினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. கிளட்ச் வேலை முடிந்து வரும் கார்களில் இது அடிக்கடி நடக்கும், அதனால் கழற்றும் முன்பே குறி வைத்துவிடுங்கள். சென்சாரின் காயில் ரெசிஸ்டன்ஸ் 600 முதல் 1600 ஓம் வரை இருக்கலாம். அளவு சரியாக இருந்தும் எஞ்சின் சூட்டில் கனெக்டர் பிளாஸ்டிக் பொடிந்து, ஒயர் உறை உதிர்ந்திருந்தால் சிக்னல் விட்டுவிட்டு வரும். அதிக ஆர்பிஎம்மில் திடீரென உதறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்சார் நுனிக்கும் ஃப்ளைவீல் பல்லுக்கும் இடைவெளி 0.8 மிமீ. ஃபீலர் கேஜ் நுழைய இடமில்லை என்பதால், பழைய சென்சாரின் நுனியில் 0.8 மிமீ வாஷரை ஒட்டி, அது பல்லைத் தொடும்வரை பிராக்கெட்டை இறக்கி இறுக்கி, பிறகு புதுச் சென்சாரைப் போடுவார்கள். வாஷர் கழன்று உள்ளே விழுந்தால் பெரிய வேலையாகிவிடும், பசையில் கஞ்சத்தனம் கூடாது. பழைய சென்சாரை வெறுமனே இழுத்தால் உடையும். துருநீக்கி தெளித்து, முன்னும் பின்னும் திருகித் திருகி எடுக்க வேண்டும்.

கேம்ஷாஃப்டைச் சுற்றும் டைமிங் பெல்ட் ஒரு பல் தாவியிருந்தால் குழப்பம் இன்னும் கூடும். தீப்பொறி ஃப்ளைவீல் கணக்கில் சரியான நேரத்திலேயே வரும், ஆனால் கேமுடன் ரோட்டரும் நகர்ந்திருக்கும், வால்வும் நேரம் தவறும். பெல் ஹவுசிங் ஜன்னலில் ஃப்ளைவீலின் ‘ஓடி’ (OT, பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும்) குறியை நேராக்கி, கேம் கியர் குறியும் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். குறி விலகியிருந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்: இந்த எஞ்சினில் பெல்ட் மேலும் நழுவினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் இழுவை இல்லை என்றால், டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் கேஜைப் பாருங்கள். அது வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்த அப்சல்யூட் அளவு காட்டுவதால் எஞ்சின் நிற்கும்போது 1 பார் இருக்கும். 220 குதிரைத்திறன் மாடலில் முழு ஆக்ஸிலரேட்டரில் 1.75 பாரை ஒட்டி ஏற வேண்டும். அதற்கு வெகு கீழே நின்றால் நாக்கிங் கேட்டு கேஎல்ஆர் பூஸ்டைக் குறைத்திருக்கலாம். குறைந்த ஆக்டேன் பெட்ரோல், தேய்ந்த பிளக், தளர்ந்த நாக் சென்சார் போல்ட் என ஒவ்வொன்றாகப் பாருங்கள். கேஎல்ஆருக்கு, எஞ்சினுக்குக் காற்று தரும் மேனிஃபோல்டிலிருந்து போகும் மெல்லிய வேக்குவம் குழாயையும் விரல்விட்டு வளைத்துப் பாருங்கள். விரிசல் விட்டிருந்தால் பெட்டிக்கு பூஸ்ட் அளவே சரியாகத் தெரியாது. சிலிகான் குழாய் ஒரு மீட்டர் மாற்ற ஆகும் செலவு, கேஎல்ஆர் பெட்டி வாங்கும் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை.