மோட்டோஜிபி 23: கடலூர் ரோட்டுப் பழக்கம் ட்ராக்கில் செல்லாது

புதுவையின் கடலூர் ரோட்டில் தினமும் வண்டி ஓட்டுகிறவர்களின் கால் தானாகவே பின் பிரேக்கைத் தேடும். அரியாங்குப்பம் பக்கம் பஸ் திடீரென்று ஓரங்கட்டும், தார் விளிம்பில் மணல் கிடக்கும், முன் பிரேக்கை இறுக்கினால் வண்டி வாரிவிடும் என்ற பயம் இருக்கும். நியாயமான பயம்தான். ஆனால் அதே பயத்தோடு மோட்டோஜிபி 23 என்ற இந்த பைக் பந்தய கேமில் உட்கார்ந்தால், முதல் வளைவிலேயே திரும்ப முடியாமல் நேரே சரளைக்கல்லுக்குள் போய்ச் சொருகுவீர்கள். இத்தாலியின் மைல்ஸ்டோன் நிறுவனம் 2023 ஜூனில் வெளியிட்டது இது. முதல் வாரம் கோபம்தான் வரும். மாதக்கணக்கில் ஓட்டிய பிறகுதான், இங்கே முன் டயர் வைத்ததுதான் சட்டம் என்று பிடிபடும்.

பிரேக் பிடித்ததும் எடை முழுக்க முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் தரையை லேசாகத் தொட்டும் தொடாமலும் மிதக்கிறது. மிதக்கிற சக்கரத்துக்குப் பிரேக் போட்டு என்ன பயன்?

நம் நாட்டு புத் சர்க்யூட்டே கேமில் இருப்பதால் அதிலேயே பழகலாம். மூன்றாம் வளைவிலிருந்து நான்காம் வளைவு வரை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நேர்ப்பாதை. பெரிய மோட்டோஜிபி வண்டியில் கடைசியில் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக விடுங்கள். வண்டி நிமிர்ந்து இருக்கும்போதே கன்ட்ரோலரின் இடது ட்ரிகரை, அதாவது முன் பிரேக்கை, அழுத்துங்கள். ஒரே தட்டில் அல்ல, கால் நொடியில் ஏறி முழு அழுத்தத்துக்கு வரவேண்டும். கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஸ்டிக்கை வலது பக்கம் தள்ள ஆரம்பித்ததும் ட்ரிகரை அதே அளவுக்கு விட்டுக்கொண்டே வாருங்கள். பாதி சாய்வில் பாதி பிரேக், முழுச் சாய்வில் பிரேக்கே இல்லை. எல்லாரும் தவறுவது இங்கேதான். சாய்த்த பிறகும் விரல் ட்ரிகரில் ஒட்டிக்கொண்டிருக்கும், முன் சக்கரம் வழுக்கி வண்டி படுத்துவிடும். டயருக்கு இருப்பது ஒரே பிடிமானம். அதைத் திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் பங்கு போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

வெளியேறும்போது இதே கணக்கு பின் டயருக்கு. சாய்ந்தபடியே ஆக்ஸிலரேட்டரை முழுக்கக் கொடுத்தால் பின் டயர் வழுக்கும், பிறகு சட்டென்று பிடிக்கும், அந்த உதறலில் ஆள் வண்டிக்கு மேலே பறப்பான். முதலில் வண்டியை நிமிர்த்துங்கள், அப்புறம் முறுக்குங்கள்.

உதவி வசதிகளை ஒரே நாளில் எல்லாம் அணைக்க வேண்டாம். தானாகப் பிரேக் போடும் உதவியை முதலில் அணையுங்கள். அடுத்து முன்பின் பிரேக்கைச் சேர்த்துப் பிடிக்கும் வசதியை. ட்ராக்‌ஷன் கன்ட்ரோலைக் (பின் சக்கரம் சுழன்று வழுக்காமல் காக்கும் வசதி) கடைசிவரை தொடாதீர்கள், நிஜப் பந்தய வண்டியிலும் அது உண்டு. சின்ன வண்டிகளின் பிரிவான மோட்டோ 3-ல் தொடங்குவதே நல்லது. 250 சிசி, ஒற்றை சிலிண்டர், மன்னிக்கிற வண்டி. மோட்டோஜிபி பிரிவின் 1000 சிசிக்கு அவசரப்பட்டுத் தாவினால் பிழை எங்கே என்றே தெரியாமல் விழுந்துகொண்டிருப்பீர்கள்.

டயர்ச் சூட்டைக் காட்டும் படத்தைப் பார்க்கிற பழக்கம் வேண்டும். ஜெர்மனியின் சாக்சன்ரிங்கில் 13 வளைவில் 10 இடது பக்கம். வரிசையாக இடது பக்கமே சாய்ந்து ஓட்டுவதால் வலது பக்க ரப்பர் ஆறிப்போய்விடும். அதன் பிறகு வரும் பதினோராம் வளைவு வலது பக்கம், அதுவும் வேகமான இறக்கம். நிஜ வீரர்களையே பலமுறை கவிழ்த்த இடம் அது. அங்கே மட்டும் மெதுவாகச் சாய்ப்பதில் வெட்கமே வேண்டாம். கார்பன் பிரேக்குக்கும் சூடு தேவை. முதல் சுற்றில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னதாகவே பிரேக் பிடியுங்கள்.

கெரியர் மோடில் பந்தயங்களுக்கு நடுவே வரும் சமூக வலைதளப் பதிவுகள் என் பார்வையில் வெறும் நேரவிரயம். தாண்டிப் போகலாம்.

இனி நம் ஊர்ச் சங்கதி. புதுவையின் உப்புக்காற்றும் புழுக்கமும் கன்ட்ரோலருக்கு ஆகாது. விரல் வேர்த்து ட்ரிகரில் வழுக்கினால் பாதி அழுத்தம் பிடிக்கவே முடியாது. கைக்குட்டை பக்கத்தில் இருக்கட்டும், விளையாடி முடித்ததும் கன்ட்ரோலரைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வையுங்கள். நேர்ப்பாதையில் கை வைக்காமலே வண்டி ஒரு பக்கம் இழுத்தால், அது கேமின் கோளாறு இல்லை, ஸ்டிக் நகர்கிறது. அமைப்புகளில் டெட்ஸோனை (ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கேம் கண்டுகொள்ளாத எல்லை) கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். நிறைய ஏற்றினால் சின்னச் சாய்வுகள் செத்துப்போகும். தூசியால் வந்த கோளாறு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்தால் சரியாகும். உள்ளே ஸ்டிக்கின் அசைவை அளக்கும் பொட்டன்ஷியோமீட்டர் தேய்ந்திருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். காந்தத்தில் இயங்கும் ஹால் சென்சார் ஸ்டிக்காக மாற்றுங்கள். உரசல் இல்லாததால் அந்தத் தேய்மானம் அதற்கு வராது.

டிவியில் படத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போடாவிட்டால் பிரேக் பிடிப்பதும் திரையில் தெரிவதும் பொருந்தாமல் எப்போதும் தாமதமாகவே பிடிப்பீர்கள். ஸ்டீயரிங் வீல் வாங்க வேண்டாம், பைக் கேமுக்கு அது உதவாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போவது வாடிக்கை. சேவ் ஆகிற நேரத்தில் போனால் ஃபைல் கெடலாம். டிவி, கன்சோல் இரண்டின் வாட்டையும் கூட்டிப் பார்த்து, அதைத் தாங்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றை மாட்டுங்கள். பந்தயத்தை முடிக்க நேரம் கிடைக்காவிட்டாலும், ஒழுங்காக அணைக்கிற அளவுக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும்.