பாங்காக் அரண்மனை வாசலில் "இன்னைக்கு மூடியிருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

பாங்காக் போகத் திட்டம் போட்டிருப்பவர்கள், முக்கியமாக வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கொஞ்சம் நீளம்தான். ஆனால் நடந்ததை விவரமாகச் சொன்னால்தான் அந்த வலையை எப்படி விரிக்கிறார்கள் என்பது புரியும்.

முதல் அடி நம்ம ஊரிலேயே விழுந்துவிட்டது. திருச்சியில் ஒரு டிராவல் ஏஜென்டிடம் விமான டிக்கெட், ஆற்றங்கரை ஓட்டல், காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து முழுப் பணமும் கட்டியிருந்தோம். விடியற்காலையில் பாங்காக்கில் இறங்கி ஓட்டலுக்குப் போய் வவுச்சரை நீட்டினால், பதிவு செய்தது உண்மை, ஆனால் பணம் வராததால் அதை முன்பே ரத்து செய்துவிட்டோம் என்கிறார்கள். ஏஜென்டுக்கு போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. வவுச்சர் கையில் இருந்தால் அறை இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. கிளம்புவதற்கு முன்னால் ஓட்டலுக்கே நேரடியாக போன் செய்து, உங்கள் பெயரில் அறை இருக்கிறதா, பணம் வந்துவிட்டதா என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எங்களை வெளியே அனுப்ப அவளுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவளோ அம்மாவைச் சோபாவில் உட்காரவைத்து, பெட்டிகளை உள்ளே எடுத்து வைத்து, அம்மா சைவம் என்று தெரிந்ததும் வெறும் சாதக் கஞ்சியும் வாழைப்பழமும் கொண்டுவந்து கொடுத்தாள். நான் ஏஜென்டோடும் ஓட்டல் மேலாளரோடும் மல்லுக்கட்டிக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் வீணாக வேண்டாமே என்று அப்பாவும் அம்மாவும் படகில் அரண்மனைக்குக் கிளம்பினார்கள். அப்பா தமிழாசிரியராக இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார்.

தா சாங் படகுத்துறையில் இறங்கி வெள்ளை மதிலை ஒட்டி நடந்திருக்கிறார்கள். வாசலுக்குக் கொஞ்சம் முன்னால், இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் கைகூப்பி வணங்கியிருக்கிறார். எந்த நாடு என்று கேட்டு, இந்தியா என்றதும், புத்தர் ஞானம் பெற்ற நாட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள், உங்களைப் பார்த்ததே பாக்கியம் என்று சொல்லி, தான் ஒரு பள்ளி ஆசிரியர் என்றும் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? இன்று புத்தர் நாள், பிக்குகளின் பூஜை நடக்கிறது, மதியம் ஒரு மணி வரை வெளிநாட்டுக்காரர்களை உள்ளே விடமாட்டார்கள், அதுவரை மூன்று கோயில் பார்த்துவிட்டு வாருங்கள் என்று வரைபடத்தில் வட்டம் போட்டுக் கொடுத்து, நம்ம ஆட்டோ மாதிரியான ஒரு டுக்டுக்கையும் அவரே கூப்பிட்டு நாற்பது பாட் (தாய்லாந்துப் பணம்) கட்டணத்துக்குப் பேசிவிட்டிருக்கிறார்.

அப்பா பேச்சுவாக்கில் பெரிய ஊஞ்சலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ராட்டினம் என்று நினைத்துவிடாதீர்கள். தாய்லாந்து மன்னர் முதலாம் ராமா 1784இல் அமைத்த, சிவப்பு வண்ணம் பூசிய உயரமான தேக்கு மரச் சட்டம் அது. பக்கத்திலேயே அரசவைப் பிராமணர்களின் தேவஸ்தானம் இருக்கிறது. நம்ம மார்கழித் திருவெம்பாவை கடல் தாண்டிப் போய் இன்றும் அவர்கள் சடங்கில் ஓதப்படுகிறது. முன்பு அந்த விழாவில் ஊஞ்சலும் ஆடினார்கள், 1935க்குப் பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். அப்பா வகுப்பில் இதைப் பல வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார், ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆள் உடனே, அட, அதுவும் போகும் வழிதான் என்றிருக்கிறார். வருகிறவருக்கு எதில் பக்தி என்று கண்டுபிடித்து அங்கேயே தூண்டில் போடுகிறார்கள்.

முதலில் ஒரு சின்னக் கோயில். அங்கே கண்மூடி உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்து, தானாகவே பேச்சுக் கொடுத்திருக்கிறார். வருடத்தில் ஒரு வாரம் மட்டும் அரசு வரியில்லாமல் ரத்தினக் கற்கள் விற்க விடுகிறது, இன்றோடு முடிகிறது, என் மகள் கல்யாணத்துக்கு அங்கேதான் வாங்கினேன் என்று. கோயிலுக்குள் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த மனிதர் பொய் சொல்லுவார் என்று யார் நினைப்பார்கள்? அவரும் அந்தக் கும்பலில் ஒருவர்தான். அடுத்து டுக்டுக் நின்ற இடம் நகைக்கடை.

கடையில் குளிர்ச்சியாக உட்காரவைத்து டீ கொடுத்து, முதலில் நீலக்கல்லைக் காட்டியிருக்கிறார்கள். நீலம் சனியோட கல்லு, பொருந்தலேன்னா ஆகாது, வேண்டாம் என்று அம்மா சொன்னதும், தட்டை மாற்றி மாணிக்கத்தை வைத்திருக்கிறார்கள். சந்தபுரி மாணிக்கம், சான்றிதழ் உண்டு, ஊரில் இரண்டு மடங்கு விலை போகும் என்று ஒரே பேச்சு. தையில் தங்கை கல்யாணம். மோதிரமும் தோடும் சேர்த்து 42,000 பாட், கார்டில் தேய்த்துவிட்டார்கள். நம்ம பணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல். வெளியே வந்தால் டுக்டுக்கைக் காணவில்லை. கொதிக்கிற வெயிலில் அம்மாவுக்குத் தலைசுற்றி, எப்படியோ ஒரு டாக்சி பிடித்து ஓட்டலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பையைப் பார்த்ததுமே அந்த வரவேற்புப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. அரண்மனை இன்று மூடவே இல்லை என்றாள். புத்தர் நாள் என்பது மாதத்தில் நான்கு தடவை வரும், அன்று கோயிலில் கூட்டம் கூடுமே தவிரக் கதவு சாத்தமாட்டார்கள், அரண்மனை காலை எட்டரையிலிருந்து மாலை மூன்றரை வரை திறந்திருக்கும், அரச குடும்பச் சடங்கு ஏதாவது இருந்தால் முன்கூட்டியே அறிவிப்பார்கள் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அப்பா தலை குனிந்துகொண்டே போனார். கடைக்கு ஆள் கொண்டுவந்து விட்டால் டுக்டுக்காரருக்கு பெட்ரோல் கூப்பனோ கமிஷனோ கிடைக்குமாம், அதனால்தான் நாற்பது பாட்டுக்கு நகர் முழுக்கச் சுற்றிக் காட்டுகிறேன் என்கிறார்கள்.

பணம் போனதைவிட அப்பாவை வாட்டியது வேறு. "வாத்தியாருன்னு சொன்னாரும்மா, புத்தர் பேரச் சொன்னாரு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இனி எந்தக் கோயிலுக்கும் வரவில்லை, ஊருக்குப் போகலாம் என்றார். அம்மாதான் விடவில்லை. "இங்க மாரியம்மன் கோயில் இருக்குன்னு சொன்னியே, அங்க கூட்டிட்டுப் போ. அவகிட்டப் போய்ச் சொல்லிட்டு வருவோம்" என்றாள். அம்மாவுக்குச் சமயபுரத்தாள் என்றால் உயிர்.

சிலோம் சாலையில் பான் சாலை முனையில் இருக்கிறது மகா மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது, கோபுரத்தைப் பார்த்தால் நம்ம ஊரில் ஒரு தெருமுனையில் நிற்பது மாதிரியே இருக்கும். அங்கத்திய பெயரான 'வாட் கேக்' என்று கேட்டால் எந்த டாக்சிக்காரருக்கும் தெரியும். உள்ளே போனதும் அப்பா அப்படியே நின்றுவிட்டார். கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் தாய்லாந்து மக்கள். செவ்வந்தி மாலை, தேங்காய், பழம் என்று தட்டு ஏந்தி வரிசையில் நிற்கிறார்கள், தரையில் மண்டியிட்டு அம்மனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ் ஒரு எழுத்து தெரியாதவர்கள், நம்ம மாரியாத்தாளிடம் வந்து அழுகிறார்கள், நன்றி சொல்கிறார்கள். எனக்கு அந்த நேரத்தில் தொண்டை அடைத்துவிட்டது. காலையில் கோயிலில் கண்மூடி உட்கார்ந்து நடித்த அந்த ஒருவனுக்காக இத்தனை பேரின் கும்பிடைச் சந்தேகப்பட முடியுமா?

குருக்கள் நம்ம ஊர்க்காரர். எந்த ஊரும்மா என்று கேட்டதும் அம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் அர்ச்சனையை முடித்துவிட்டு, வழக்கமாக வரும் ஒரு தாய்லாந்து அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஐம்பது வயதிருக்கும், ஏதோ அலுவலகத்தில் வேலை. அவர் பில்லை வாங்கிப் படித்தார், உடனே தன் போனிலிருந்து 1155க்கு அழைத்தார். இந்த எண்ணை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலாக் காவல்துறை, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், ஆங்கிலத்தில் பேசலாம். நாளைக் காலையில் நகையோடும் பில்லோடும் வாருங்கள் என்றார்கள்.

மறுநாள் அந்த அம்மா வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு எங்களோடு வந்தார். போகும் வழியில் தனக்குத் தெரிந்த ஒரு கல் வியாபாரியிடம் காட்டினார். அவர் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்துவிட்டு, கல்லுக்குள் குமிழி தெரிகிறது பாருங்கள் என்று எனக்கும் காட்டினார். விரிசல் விழுந்த மட்டமான மாணிக்கத்தில் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி நிரப்பிவிடுவார்களாம், பார்ப்பதற்குப் பளபளவென்று இருக்கும், விலை மிகவும் குறைவு. அது மாணிக்கமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது, அதனால் கடைக்காரன் தைரியமாகப் பேசுவான், முறையான சோதனை அறிக்கை வேண்டுமானால் சிலோம் சாலையிலேயே அரசின் ரத்தின ஆய்வு நிறுவனம் இருக்கிறது என்றும் சொன்னார்.

காவல் நிலையத்திலிருந்து கடைக்கு போன் போனது. முதலில் பணமெல்லாம் திருப்பித் தர முடியாது, பில்லிலேயே எழுதியிருக்கிறது என்றார்கள். எங்களோடு வந்த அந்த அம்மா குரலை உயர்த்தாமலேயே தாய்லாந்து மொழியில் விடாமல் பேசினார், சோதனை அறிக்கை வாங்கப் போகிறோம் என்றும் சொன்னார் போல. கடைசியில் நகையை வாங்கிக்கொண்டு 30,000 பாட்டைக் கார்டுக்கே திருப்பிப் போட ஒத்துக்கொண்டார்கள். மிச்சம் போனது போனதுதான். இது மோசடி, முழுசாகத் தர வேண்டும் என்பதுதான் நியாயம், எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் கடைக்காரர்கள் நாங்கள் ஊருக்குக் கிளம்பும் நாள்வரை இழுத்தடித்திருந்தால் ஒன்றுமே வந்திருக்காது. எனவே ஏமாந்தது தெரிந்த அன்றே 1155க்குப் பேசிவிடுங்கள். பில், கார்டு ரசீது, கடை முகப்பு எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவுக்குப் பணம் கொடுக்கப் போனோம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டுவிட்டார். பர்ஸில் எப்போதும் இருக்கும் சமயபுரம் குங்குமத்தை அம்மா எடுத்துக் கொடுத்ததும் இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டார். அப்புறம் அவரே எங்களைப் பெரிய ஊஞ்சலுக்கும் தேவஸ்தானத்துக்கும் கூட்டிப் போனார். அங்கே சிவன், பிள்ளையார், பெருமாள் மூவருக்கும் தனித்தனிச் சந்நிதி. சிவன் முன்னால் நின்று அப்பா மெல்லத் திருவெம்பாவை பாடினார், பாடி முடிக்கும்வரை அந்த அம்மா கைகூப்பியபடியே நின்றார்.

அப்புறம் ஒன்றைக் கவனித்தேன், போகிறவர்களுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். பாங்காக்கில் எங்களை ஏமாற்றியவர்கள் எல்லாருமே தாங்களாக வந்து பேசியவர்கள். உதவியவர்கள் நாங்கள் போய்க் கேட்டவர்கள், இல்லையென்றால் நாங்கள் கேட்டதால் இன்னொருவர் சொல்லி வந்தவர்கள். அரண்மனை மூடியிருக்கிறது என்று யார் சொன்னாலும் சரி, சிரித்துவிட்டு நேரே வாசல்வரை நடந்து போங்கள். டிக்கெட் வெளிநாட்டவருக்கு 500 பாட், தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். வழியில் சந்தேகம் வந்தால் சீருடையில் இருப்பவரிடம் நீங்களாகப் போய்க் கேளுங்கள்.

கிளம்புவதற்கு முன்பே இன்னொரு பொறியும் இருக்கிறது. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழைய டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது முழுக்க இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் நிறைய முளைத்திருக்கின்றன. குடிவரவுத் துறையின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள், அரசு முகவரி ".go.th" என்று முடியும்.

திருச்சி ஏஜென்ட் விஷயம் இன்னும் முடியவில்லை. ஓட்டலில் இரண்டாம் தடவை பணம் கட்டித்தான் தங்கினோம், அந்த வரவேற்புப் பெண் மேலாளரிடம் பேசிக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கவைத்தாள், ரத்து செய்த விவரத்தையும் எழுத்தில் வாங்கிக் கொடுத்தாள். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தோம், பதில் வராததால் இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். இதே மாதிரி வவுச்சர் வாங்கி ஏமாந்தவர்கள் ஓட்டலிடமிருந்து எழுத்தில் ஏதாவது வாங்காமல் திரும்பி வராதீர்கள், மற்றபடி ஆணையத்தில் என்ன நடக்கிறது என்பதை எழுதுகிறேன்.