பிராட்வே டிக்கெட் விலை: லயன் கிங் வழியா, ஹாமில்டன் வழியா?

நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் ஒரு மியூசிக்கலுக்கு, அதாவது பாட்டு நாடகத்துக்கு, இரண்டு கணக்குகள் உண்டு. திரை தூக்கும் வரை போடும் முதலீடு ஒன்று, தூக்கிய பிறகு வாராவாரம் ஆகும் செலவு இன்னொன்று. பேச்செல்லாம் முதலீட்டைப் பற்றித்தான்: ஹாமில்டன் என்ற நாடகத்துக்கு 1.25 கோடி டாலர், ஸ்பைடர்மேனுக்கு 7.5 கோடி என்று. ஆனால் பெரும்பாலான நாடகங்களைக் கவிழ்ப்பது வாரச் செலவுதான். நடிகர், இசைக்குழு, மேடைத் தொழிலாளர், விளம்பரம், அரங்கு வாடகை, எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி என எல்லாம் கொடுத்தது போக ஏதாவது நின்றால்தான் முதலீட்டாளர் பக்கம் காசு நகரும். போட்ட முதலீட்டைத் திரும்ப எடுப்பவை நாலைந்தில் ஒன்றுதான்.

வாரத்துக்கு 8 காட்சி. நாற்காலியைக் கூட்ட முடியாது. இன்று காலியாகக் கிடந்ததை நாளை விற்கவும் முடியாது. தயாரிப்பாளர் கையில் இருக்கும் திருகாணி விலை ஒன்றுதான். அதை எப்படித் திருகுவது என்பதில் இரண்டு வழிகள் எதிரெதிரே நிற்கின்றன.

1997-இல் டிஸ்னி நிறுவனம் தொடங்கிய லயன் கிங் 2013-இல் பிராட்வே வசூல் பட்டியலில் மறுபடி முதலிடம் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், அப்போது அதன் உச்ச விலை 227 டாலர். புக் ஆஃப் மார்மன் என்ற இன்னொரு மியூசிக்கல் நல்ல இருக்கைக்கு 477 வரை வாங்கிக்கொண்டிருந்தது. டிஸ்னி செய்தது இதுதான்: பழைய விற்பனைக் கணக்கைக் கணினியில் போட்டு, எந்த வாரம், எந்தக் கிழமை, எந்த வரிசைக்கு எவ்வளவு கேட்கலாம் என்று பார்த்து விலையை ஏற்றி இறக்கியது. கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு விலை, பள்ளி திறந்த பிறகு வரும் செவ்வாய்க்கிழமைக்கு வேறு விலை. உச்ச விலைக்கு மட்டும் ஒரு பூட்டு, அதற்கு மேல் போகாது. நாலு பேர் குடும்பமாக வரும் நாடகத்துக்கு இது பொருந்தும். அரங்கும் பெரியது, சுமார் 1,700 இருக்கை.

ஹாமில்டன் ஓடும் ரிச்சர்ட் ராஜர்ஸ் அரங்கில் சுமார் 1,300 இருக்கைதான். 2016-இல் அதன் டிக்கெட் பிளாக்கில் ஆயிரம் டாலரைத் தாண்டிப் போனது. அரங்கின் உச்ச விலையோ 475. இடைவெளி முழுக்க, நாடகத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர் பைக்குள் போனது. அந்த ஜூனில் உச்ச விலை 849 டாலர் ஆனது. கூடவே, தினக் குலுக்கலில் 10 டாலருக்குக் கொடுக்கும் இருக்கைகள் 21-இலிருந்து 46 ஆயின. (10 டாலர் நோட்டில் இருப்பது, நாடகத்தின் நாயகனான அமெரிக்கத் தலைவர் ஹாமில்டனின் முகம், விளம்பரத்துக்கும் ஆயிற்று.)

இப்படி உச்ச விலையை ஏற்றுவதற்கு வழி போட்டது 2001-இல் வந்த தி புரொட்யூசர்ஸ் என்ற மியூசிக்கல். 100 டாலர் உச்சமாக இருந்த காலத்தில் சில இருக்கைக்கு 480 என்று வைத்தது. பேராசை என்று திட்டினார்கள். என்னைக் கேட்டால், பாதித் திட்டுதான் நியாயம். 849 கொடுக்கத் தயாராக இருப்பவர் எப்படியும் கொடுக்கத்தான் போகிறார். அது பிளாக்காரருக்குப் போவதைவிட நாடகத்துக்குள் வருவது மேல். ஹாமில்டனின் முதல் குழு நடிகர்களுக்கு லாபத்தில் பங்கும் கிடைத்தது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. பணக்காரருக்கு முன்வரிசை, அதிர்ஷ்டக்காரருக்குக் குலுக்கல். ஆசிரியர் வேலை பார்க்கும் ஒருவர் கணவரோடும் பிள்ளையோடும் போக வேண்டுமானால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சில மாதமே ஓடும் நட்சத்திர நாடகத்துக்கு இந்தக் கவலை கிடையாது. 2025-இல் ஹாலிவுட் நடிகர் டென்சல் வாஷிங்டன் நடித்த ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவுக்கு 921 டாலர் வரை கேட்டார்கள். பத்தாம் ஆண்டு பற்றி யோசிக்க வேண்டாதவர் கேட்கலாம். அப்புறம், டைம்ஸ் சதுக்கத்தில் 1973 முதல் இருக்கும் டிகேடிஎஸ் சாவடி, அன்றைய டிக்கெட்டைப் பாதி விலை வரை இறக்கித் தரும். காலி நாற்காலிக்கு அது மருந்து. ஆனால் அதையே நம்பி ஓடும் நாடகத்துக்கு முழு விலை கொடுக்க ஆள் வரமாட்டார்கள்.

ஆக, பல வருடம் ஓட நினைக்கும் நாடகத்துக்கு என் ஓட்டு லயன் கிங் வழிக்கு. ஹாமில்டன் வழி, பிளாக் சந்தை ஏற்கெனவே விலையை ஏற்றிவிட்ட நாடகத்துக்கு மட்டும். அந்த நிலை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

விலையைச் சரியாக வைத்தாலும் செலவு முந்திக்கொள்ளலாம் என்பதற்கு ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா இருக்கிறது. 1988-இல் தொடங்கியது, 27 பேர் இசைக்குழு, பெரிய அரங்க அமைப்பு. கொரோனாவுக்குப் பிறகு வசூல் செலவை எட்டவில்லை. 1996 முதல் ஓடும் சிகாகோ என்ற மியூசிக்கலுக்குக் கறுப்பு உடையும் மேடையிலேயே உட்காரும் வாத்தியக் குழுவும் போதும், அது தாக்குப்பிடித்தது. ஃபேண்டத்தை மூடப்போகிறோம் என்று 2022-இல் அறிவித்ததும் கூட்டம் அலைமோதி, முடிவு நாளை 8 வாரம் தள்ளிவைத்தார்கள். 2023 ஏப்ரலில், 13,981 காட்சிகளோடு நின்றது.